ஐஸ் உருகும் தூரத்தில் இருக்கிறோம்

பெறுநர்: கேரள அரசின் சுகாதாரத் துறை அமைச்சர், துறைச் செயலர், பாலக்காடு மற்றும் இடுக்கி மாவட்ட மருத்துவ அலுவலர்கள்.
நகல்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை.



கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறோம், பட்டா கேட்டிருக்கிறோம், ரேஷன் கடை கேட்டிருக்கிறோம். பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் எப்படி மலையிறங்குகிறது என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. மலையோர ஆஸ்பத்திரிகளில் லேப் டெக்னீஷியனாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் அதை எழுதும் பொறுப்பு எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

கேட்கப்போவது ஒன்றுதான். உறைநிலையில்தான் அனுப்ப வேண்டும் என்று நாம் பழக்கப்படுத்திக்கொண்ட பிளாஸ்மா மாதிரிகளில் எவற்றை உலர்ந்த அட்டையில், ஐஸ் இல்லாமல், சாதாரண வெப்பநிலையில் அனுப்ப முடியுமோ, அவற்றுக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள். அட்டப்பாடியிலும் இடமலக்குடியிலும் தொடங்குங்கள். புது ஃப்ரீசர் வாங்கும் டெண்டரை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

வைரஸ் அளவு பார்க்க ரத்தம் எடுக்கிறோம் என்று வையுங்கள். வயலட் மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு குழாயை எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் செல் உடையும். 24 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்ற வேண்டும். சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்து நிற்கும் இளமஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. அதைப் பிப்பெட்டால் உறிஞ்சிச் சின்னக் குப்பியில் விட்டு மூடினால், சாதாரணக் குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் இருபது. நெடுநாள் என்றால் மைனஸ் எழுபது, எண்பது. எல்லாம் கையேட்டில் இருக்கிறது. சென்ட்ரிஃபியூஜும் கரண்டும் ஜீப்பும் ஒரே நாளில் ஒரே ஊரில் அமைய வேண்டும் என்பதை மட்டும் கையேடு எழுதவில்லை.

ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளியின் கதையைச் சொல்கிறேன். கல்லீரல் அழற்சி சி வகை. மருந்து கொடுத்து முடித்தபின் கிருமி போய்விட்டதா என்று பார்க்க ரத்தம் எடுத்தோம். அன்றைக்கு சென்ட்ரிஃபியூஜ் பழுது. முழு ரத்தமாகவே வேக்சின் கேரியரில் வைத்து அனுப்பினோம். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஐஸ் பேக்கோடு குழாய் ஒட்டிக்கொண்டே பயணம் செய்திருக்கிறது. ஒட்டிய பக்கம் ரத்தம் உறைந்து, பிறகு உருகி, சிவப்பணுக்கள் எல்லாம் உடைந்துவிட்டன. சுற்றிப் பார்த்தபோது இளமஞ்சள் நீர் வர வேண்டிய இடத்தில் செம்பருத்தி நிறத்தில் சாயம். ‘மாதிரி ஏற்கத்தக்கதல்ல, மீண்டும் அனுப்பவும்’ என்று தாள் வந்தது. அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டோம். மறுபடி ஒரு நாள் கூலி போனது. “போன தடவை எடுத்த ரத்தத்தை என்ன சார் செஞ்சீங்க?” என்று கேட்டார். குளிர் பத்தாமல் கெட்ட மாதிரிகளை நீங்கள் கணக்கில் வைத்திருப்பீர்கள். குளிர் மிஞ்சிக் கெட்ட மாதிரிகளையும் அதே அளவு அக்கறையோடு எண்ணிப் பாருங்கள்.

இனி இந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்பதை நினைவுபடுத்துகிறேன்.

இடமலக்குடி, 2010இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரித்து அமைத்த பழங்குடி ஊராட்சி. முதுவர்களின் குடிகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. பெட்டிமுடி வரை ஒரு மாதிரி போய்விடலாம். அதற்கப்பால் சொசைட்டிக்குடிக்கு ஜீப் போவது மழையின் தயவு. சொசைட்டிக்குடியிலிருந்து மற்றக் குடிகளுக்கு நடை. பெட்டிமுடியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குச் செய்தி போனது. எழுபது உயிர் போன செய்தியே ஓர் இரவு முழுக்கத் தங்கிவிட்ட இடத்தில் ஐஸ் பெட்டி எத்தனை மணிக்குப் போய்ச்சேரும் என்று யாரால் எழுதிக் கொடுக்க முடியும்?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு–உடுமலை ரோட்டில் பெரியவாரைப் பாலம் உடைந்தது. தற்காலிகமாகப் போட்ட பாலத்தை அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மழை அடித்துக்கொண்டு போனது. அதே 2018இல் பாலக்காட்டு நெல்லியாம்பதி ரோடு துண்டானது. மேலே இருந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு ஹெலிகாப்டரில் உதவி போக வேண்டியதாயிற்று. பறம்பிக்குளம் கதை தனி. கேரளத்தின் முதலமடை ஊராட்சியில் இருக்கிறது. ஆனால் பஸ் ஏற வேண்டுமென்றால் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழிதான். பறம்பிக்குளத்துக் குடியிருப்பில் எடுத்த ரத்தம் பாலக்காட்டுக்குப் போக, சொந்த மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு தடவை மாநில எல்லையைத் தாண்ட வேண்டும்.

இந்த மலைகளில் கரண்ட் நிலைமையைப் பற்றிப் பேசினால் எனக்குச் சிரிப்புதான் வரும். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது எங்கள் பள்ளிவாசலில். மூலமற்றத்தில் 780 மெகாவாட் இடுக்கி நிலையம். மாநிலத்துக்கே விளக்கேற்றும் மாவட்டத்தில், மரம் விழுந்து லைன் போனால் சிற்றூர் ஆஸ்பத்திரியின் ஃப்ரீசர் இரவெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும். மைனஸ் எண்பது ஃப்ரீசர் ஒன்று, பழைய வகையாக இருந்தால், ஒரு நாளைக்கு 15 முதல் 20 யூனிட் தின்னும். அதற்கு ஒரு ஸ்டெபிலைசர், ஒரு ஜெனரேட்டர், டீசல் வாங்க ஒரு பில், பில்லைப் பாஸ் செய்ய ஒரு கிளார்க்.

சரி, உறைய வைப்பதே எதற்காக? பிளாஸ்மாவில் இருக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ. இழையை நொதிகள் கத்தரித்துவிடும். அந்த நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும். உறைய வைத்தால் நீர் கட்டுண்டு நிற்கும், நொதி முடங்கும். நீரை முற்றாக வெளியேற்றிவிட்டாலும் நொதி முடங்கும். ஐஸில் போட்ட மீனும் மீன்தான், கருவாடும் மீன்தான்; போடிமெட்டு ஏறி வரும் கருவாட்டுக்கூடைக்கு யாரும் ஐஸ் கேட்பதில்லை.

இது புதிய வித்தையும் இல்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ராபர்ட் கத்ரி என்ற மருத்துவ ஆய்வாளர், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தை வடிதாளில் பொட்டாக வைத்துக் காயவிட்டுப் பரிசோதிக்கும் முறையை 1963இல் வெளியிட்டார். அவருடைய மகனுக்கு மூளை வளர்ச்சிக் குறைவு. உறவுக் குழந்தை ஒன்றுக்கு, முன்பே கண்டுபிடித்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய பினைல்கீட்டோனூரியா நோய். அந்த வீட்டுத் துக்கத்திலிருந்து வந்த காகிதம்தான் இன்றைக்கு உலகெங்கும் சிசுக்களின் ரத்தத்தைச் சாதாரணத் தபாலில் சுமந்து போகிறது.

நீங்களும் அதைச் செய்கிறீர்கள்! கேரள அரசின் ‘சலபம்’ திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தையின் குதிகால் ரத்தம் வடிதாள் அட்டையில்தான் காய்கிறது. பிறவித் தைராய்டு குறைபாடு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு, ஜி6பிடி குறைபாடு, கேலக்டோசீமியா ஆகிய நான்கையும் அந்தக் காய்ந்த பொட்டிலிருந்துதான் பொதுச் சுகாதார ஆய்வகங்கள் கண்டுபிடிக்கின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு ஆறு வார வயதில் தொற்று உண்டா என்று பார்ப்பதற்கு 2010 முதல் இதே உலர்ந்த பொட்டைப் பயன்படுத்துகிறது. ஆக, மாநிலத்திலேயே மிகச் சின்ன உடம்பின் ரத்தத்தைக் காகிதத்தில் நம்பி வாங்குகிற நீங்கள், நாற்பது வயது கொழுந்து பறிப்பவரின் ரத்தம் என்று வரும்போது மட்டும் ஐஸ் கேட்கிறீர்கள்.

இப்படிச் சொன்னால், “முழு ரத்தப் பொட்டு வேறு, பிளாஸ்மா வேறு” என்று உங்கள் ஆய்வக அதிகாரிகள் திருத்துவார்கள். திருத்தம் சரி. முழு ரத்தத்தைப் பொட்டாக வைத்தால் பிளாஸ்மாவில் மிதக்கும் வைரஸோடு செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸின் மரபுப்பொருளும் சேர்ந்து எண்ணப்படும். மருந்து நன்றாக வேலை செய்கிற ஒருவருக்கும் எண்ணிக்கை கூடுதலாகக் காட்டக்கூடும். அளவும் சின்னது, ஒரு பொட்டில் ஐம்பது அறுபது மைக்ரோலிட்டர்தான். அதனால் மிகக் குறைந்த வைரஸ் அளவைப் பிடிப்பதில் அட்டை பின்தங்கும். ஆனால் எச்.ஐ.வி. சிகிச்சை தோற்கிறதா என்று முடிவெடுக்க உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு மில்லிலிட்டருக்கு ஆயிரம் வைரஸ் பிரதிகள். கேள்வி அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்பதுதான். அதற்கு உலர்ந்த பொட்டைப் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனமே வழிகாட்டுகிறது. கென்யாவும் மலாவியும் அதைக் கொண்டுதான் தொலைதூர நோயாளிகளை எட்டின. கல்லீரல் அழற்சி சி, பி வகைகளுக்கும், ஊசியால் நரம்பில் ரத்தம் எடுக்க வசதியில்லாத இடத்தில் உலர்ந்த பொட்டு ஏற்கத்தக்கது என்று 2017 வழிகாட்டுதல் இருக்கிறது.

பிளாஸ்மாதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாலும் வழி உண்டு. ரோஷ் நிறுவனம் பிளாஸ்மாவைப் பிரித்தெடுக்கும் அட்டை ஒன்றை விற்கிறது. விரலில் குத்தி, நுண்குழாயால் 140 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று இடத்தில் ரத்தம் விட வேண்டும். மேல் அடுக்கில் இருக்கும் சவ்வு சிவப்பணுக்களைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். பிளாஸ்மா மட்டும் கீழ் அடுக்குக்கு இறங்கிக் காயும். ஆய்வகத்தில் மேல் அடுக்கை உரித்துப் போட்டுவிட்டுக் கீழே உள்ளதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். சென்ட்ரிஃபியூஜ் செய்கிற வேலையை அட்டையே செய்துவிடுகிறது. எச்.ஐ.வி. அளவுக்கு 18 முதல் 45 பாகை வெப்பத்தில் 28 நாள் தாங்கும் என்பது தயாரிப்பாளரின் உறுதிமொழி. இதைத்தான் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே கம்பெனியின் கருவியோடு கட்டிப்போடும் பொருளை அரசு வாங்கும்போது யோசிக்கத்தான் வேண்டும். நார்த்திரளில் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவையே உலர்த்தி, பிறகு நீர் சேர்த்து மீட்டெடுக்கும் முறைகளும் இருக்கின்றன. விலை பேசுங்கள். இங்கேயே செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

இடையில் ஒன்று. உடம்பில் ஏற்றுகிற பிளாஸ்மாவும் இதுவும் ஒன்றல்ல. ரத்த வங்கியில் மைனஸ் முப்பதில் வைத்திருக்கும் பிளாஸ்மா நோயாளிக்கு ஏற்றுவதற்கு. இரண்டாம் உலகப் போரில் பிளாஸ்மாவை உலர்த்திப் பொடியாகப் போர்முனைக்கு அனுப்பினார்கள். பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்ததால் கல்லீரல் அழற்சி பரவி அது கைவிடப்பட்டது. பிரான்சும் ஜெர்மனியும் பாதுகாப்பான முறையில் அதை மீட்டுக் கொண்டுவந்திருக்கின்றன. மலைநாட்டுப் பிரசவ ரத்தப்போக்குக்கு அது பெரிய உதவியாக இருக்கும். ஆனால் அது இன்னொரு மடலுக்கான விஷயம்.

அட்டையால் முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, பொட்டாசியம், ரத்தம் உறையும் நேரம், கிருமி வளர்ப்பு எதற்கும் இந்த அட்டையை நம்பக்கூடாது. குழாயில் பிரிக்காமல் வைத்த ரத்தத்திலேயே செல்கள் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். அவசர சோதனைகள் அந்தந்த ஊரிலேயே நடக்க வேண்டும். அதற்கு வேண்டியது கருவியும் ஆளும். பேட்டரியில் ஓடும் ட்ரூநாட் போன்ற கருவியைச் சொசைட்டிக்குடிக்கே கொண்டுபோகலாமே என்று நீங்கள் கேட்டால், கொண்டுபோங்கள், கும்பிட்டு வரவேற்போம். ஆனால் அதை ஓட்டும் டெக்னீஷியன் லீவில் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துவிட்டுக் கொண்டுபோங்கள். காகிதத்துக்கு லீவு இல்லை.

எங்கள் மலையில் அட்டைக்கு உண்மையான எதிரி யார் தெரியுமா? வெயில் இல்லை. முதலமடை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பங்குனி சித்திரையில் நாற்பது பாகை அடித்தாலும் அட்டை பெரும்பாலும் தாங்கும். மறையூரும் சின்னாறும் மழைமறைவுப் பகுதி. அங்கே அட்டை அப்பளம் போலக் காயும். சிக்கல் மூணாற்று ஆடி மாதம். துவைத்துப் போட்ட சட்டை வாரக்கணக்கில் காயாத ஊரில் ரத்தப் பொட்டு எப்படிக் காயும்? கையேட்டின்படி அட்டையைப் படுக்கவைத்து, எதிலும் படாமல், நேர்வெயில் இல்லாமல் மூன்று நான்கு மணி நேரம் காயவைக்க வேண்டும். பொட்டு செந்நிறம் மாறிக் கரும்பழுப்பாக வேண்டும். ஈரம் போகுமுன் பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பையில் போடும் சிலிக்கா பொட்டலத்தின் நீல மணிகள் மழைக்காலத்தில் பொட்டலத்தைத் திறந்து வைத்த சற்று நேரத்திலேயே இளஞ்சிவப்பாக மாறத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பொட்டலம் இருந்தும் இல்லாததும் ஒன்றே.

ஆகவே ஆப்பிரிக்கப் புல்வெளியில் தேறிய முறை என்று அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். திருவனந்தபுரத்து மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகமும் தோன்னைக்கல் வைரஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஒரே ஆளிடம் ஒரே நாளில் எடுத்த உறைநிலைப் பிளாஸ்மாவையும் உலர்ந்த அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்தச் சோதனையைத் தை மாசியில் நடத்திவிட்டு ‘வெற்றி’ என்று அறிக்கை போட வேண்டாம். இடவப்பாதி மழையில் தொடங்கி ஆடி முடியும் வரை நடத்துங்கள். மூணாற்றில் ஒன்று, அட்டப்பாடியில் ஒன்று, முதலமடையில் ஒன்று. மூடிய பெட்டிக்குள் சிறு மின்விசிறியும் சிலிக்காவும் வைத்து உலர்த்தும் பெட்டி செய்வது ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ஒரு வார வேலை. எந்த ஊரில் எத்தனை அட்டை பூஞ்சை பிடித்தது என்பதையும் வெளியிடுங்கள். ஆய்வகம் அனுப்பும் ரிசல்ட் தாளில் ‘உலர்ந்த மாதிரி’ என்று குறிப்பு இருக்கட்டும். மருந்து மாற்றும் டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அட்டப்பாடிக்கு வருகிறேன். அகளி, புதூர், சோலையூர் மூன்று ஊராட்சிகளிலும் இருளர், முடுகர், குறும்பர். 2013இல் அங்கே குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அரிவாள் செல் சோகை அந்த மக்களிடையே பல தலைமுறையாக இருக்கிறது. 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்துச் சாதோலில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியத் திட்டம் 2047க்குள் அரிவாள் செல் சோகையை ஒழிக்கப்போவதாகவும் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கப்போவதாகவும் சொல்கிறது. இங்கிலாந்து 2006 முதல் தன் நாட்டில் பிறக்கும் எல்லாச் சிசுக்களுக்கும் அரிவாள் செல் பரிசோதனையைக் குதிகால் அட்டையில்தான் செய்கிறது. ‘சலபம்’ அட்டை அதே குதிகாலிலிருந்துதான் வருகிறது. அட்டப்பாடியில் பிறக்கும் ஒவ்வொரு பழங்குடிக் குழந்தையின் அட்டையிலும் ஒரு பொட்டை இதற்கென்று ஒதுக்குங்கள். குழந்தையை இன்னொரு தடவை குத்த வேண்டியதில்லை. இது பிளாஸ்மா இல்லை, முழு ரத்தம். ஆனால் போகிற பையும் தபாலும் ஒன்றே. ஒரே வழியைத் திறந்துவிட்டால் பல சோதனைகள் அதில் நடக்கும்.

எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டத்தறைப் பழங்குடிச் சிறப்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஆனைக்கட்டி வழியே கோவைக்கு ஒன்றரை மணி நேரம். மண்ணார்க்காட்டுச் சுரம் இறங்கி மற்றப் பக்கம் போவது பெரும்பாடு. மறையூர்க்காரருக்கு உடுமலை, குமுளிக்காரருக்குத் தேனி, சித்தூர்க்காரருக்குப் பொள்ளாச்சி. தேனியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வந்துபோகும் பெண்ணின் வீடு ஒரு மாநிலம், கூலி ஒரு மாநிலம். அவர் எந்த மாநிலத்து நோயாளி? இந்த ஊர்களில் ஆள் மட்டும் எல்லை தாண்டுகிறார். அவருடைய ரிசல்ட் தாள் தாண்டுவதில்லை. இங்கே எடுத்த சோதனையை அங்கே ‘எங்கள் லேபில் மறுபடி எடுங்கள்’ என்கிறார்கள்.

முன்னுதாரணம் இல்லாமல் நான் பேசவில்லை. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கோவிட் எதிர்ப்புப் பொருள் கணக்கெடுப்பு நடத்தியபோது கேரளத்தில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஒன்று பாலக்காடு. அந்த ரத்த மாதிரிகளைச் சென்னையில் காசநோய் ஆய்வு நிறுவனத்தில்தான் பரிசோதித்தார்கள். தொற்றுக் காலத்தில் திறந்த வழி மற்ற நாட்களில் ஏன் மூடிக்கிடக்கிறது? கேரளமும் தமிழ்நாடும் உட்கார்ந்து, எல்லையோர ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயவைத்த அட்டையைப் பக்கத்து மாநிலத்து மருத்துவக் கல்லூரி ஆய்வகமும் பரிசோதிக்கலாம், ரிசல்ட்டை இரு பக்கமும் ஏற்கலாம் என்று ஓர் ஒப்பந்தம் போடுங்கள். காவிரி, முல்லைப்பெரியாறு போல இதில் நீர்க்கணக்கு ஒன்றும் இல்லை.

அட்டையைச் சுமக்க யார்? காசநோய்ச் சளி மாதிரிகளை அஞ்சல் துறை பல மாநிலங்களில் சுமந்துகொண்டிருக்கிறது. ‘நிர்ணயா’ என்று ஆய்வகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் உங்கள் வலைப்பின்னலில் இந்த மலைத்தபாலையும் ஓர் இழையாகச் சேருங்கள். எஸ்டேட் டிவிஷனுக்கும் தபால் வருகிறது, குடிகளுக்கு ஜே.பி.எச்.என். சிஸ்டரும் ஆஷா சகோதரியும் நடந்தே போகிறார்கள். இப்போது அவர்கள் தோளில் வேக்சின் கேரியர் தொங்குகிறது. அதன் கனத்தில் பாதிக்கு மேல் ஐஸ். அட்டைப் பையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரலாம். வெளியே பெயர் இல்லாமல் எண் மட்டும் எழுதிய கவர் என்றால் எச்.ஐ.வி. நோயாளி யார் என்று தோட்டக் குடியிருப்பான லயம் முழுக்கத் தெரியவும் வழியில்லை. எங்கள் லயத்தில் ஒருவர் அடிக்கடி மலையிறங்கினாலே காரணம் கேட்பார்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது வைரஸ் அளவு பார்க்க வேண்டியவருக்கு அந்தக் கேள்விக்குப் பயந்தே சிகிச்சை விட்டுப்போகும்.

ஒரு கவலையையும் வைக்கிறேன். இதை நீங்கள் தட்டிக்கழித்தால் மேலே சொன்ன அத்தனையையும் நானே எதிர்ப்பேன். காய்ந்த பொட்டு கெடுவதில்லை என்பதே அதன் ஆபத்து. அட்டையிலிருக்கும் மரபுப்பொருள் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுப்பாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்று கொடுத்த ரத்தத்தை, மனநோய் ஆய்வுக்கும் அவர்களுடைய பூர்விகத்தைத் தேடவும் பயன்படுத்தினார்கள். வழக்கு நடந்து, 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதே சமயத்தில் டெக்சாஸ் மாநிலம், பெற்றோரிடம் கேட்காமல் சேர்த்துவைத்த ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட சிசு அட்டைகளை அழிக்க நேர்ந்தது. இடமலக்குடி முதுவரின் ரத்தமும் புதூர் குறும்பரின் ரத்தமும் எங்கோ ஓர் அலமாரியில் பேப்பர் எழுதுவோருக்காகக் காத்திருக்கக் கூடாது. எந்தச் சோதனைக்கு எடுத்தோம், எத்தனை மாதம் வைத்திருப்போம், எப்போது அழிப்போம் என்பதை அட்டை வாங்கும் உத்தரவிலேயே எழுதுங்கள். குடியின் தலைவரான காணியையும் ஊர் மூப்பனையும் உட்கார வைத்து அவர்கள் மொழியில் சொல்லுங்கள். சம்மதத் தாளில் கைநாட்டு வாங்குவதை மட்டும் சம்மதம் என்று எண்ண வேண்டாம்.

உங்கள் அலுவலகத்தில் இந்த மடல் ஒரு கோப்பு எண் பெற்று மேசை மேசையாக நகரும் என்பது எனக்குத் தெரியும். நகர்ந்து முடிப்பதற்குள் செய்துவிடக்கூடியது ஒன்றிருக்கிறது: கடந்த ஓராண்டில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர், அட்டப்பாடி வட்டங்களிலிருந்து மேல் ஆய்வகங்களுக்குப் போன மாதிரிகளில் எத்தனை ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று திரும்பி வந்தன, என்ன காரணத்துக்கு, எந்த மாதத்தில் என்று பதிவேட்டைப் பார்த்து ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வகங்கள் அதைக் கட்டாயம் எழுதி வைத்திருக்கும். என் கையாலேயே பல வரிகள் எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியலை இரண்டு மாவட்ட மருத்துவ அலுவலகங்களிலும் மக்கள் பார்வைக்கு ஒட்டுங்கள். ஒப்பீட்டுச் சோதனைக்கு எந்த மூன்று நிலையங்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை வரும் இடவப்பாதிக்கு முன் அறிவியுங்கள். வேலை தெரிந்த ஓய்வுபெற்ற டெக்னீஷியன்கள் இந்த மலைகளில் இன்னும் இருக்கிறோம். அட்டையில் பொட்டு வைக்கவும் காயவைக்கவும் சிஸ்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டால் வருவோம்; பஸ் சார்ஜ் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்